நகையும் அழுகையும்: ஆல்காட்டின் ‘மருத்துவமனைச் சித்திரங்கள்’ நூலில் தாதியரின் அன்றாடம்

முன்னுரை

நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்துரைக்கிறது திருக்குறள் (950). இந்நான்காமவர் தம் பணியைத் தாமே எழுத முற்படும்போது அவ்வெழுத்து எத்தகைய சுவையைக் கொள்கிறது என்பது திறனாய்வாளர் கருதத்தக்க வினாவாகும். அமெரிக்க எழுத்தாளர் லூயிசா மே ஆல்காட் 1863ஆம் ஆண்டு வெளியிட்ட ‘மருத்துவமனைச் சித்திரங்கள்’ என்னும் சிறுநூலைக் கொண்டு இவ்வினாவை ஆராய முற்படுகிறோம். இந்நூலில் நகைச்சுவை வெறும் அணியாக நிற்கிறதா, அன்றித் தாதிமைப் பணியின் ஒரு கூறாகவே இயங்குகிறதா என்பதே நம் ஆய்வுப் பொருள்.

நூலும் பின்னணியும்

அமெரிக்க உள்நாட்டுப் போர் நிகழ்ந்துகொண்டிருந்த 1862 டிசம்பரில், முப்பது வயது நிரம்பிய ஆல்காட் வாஷிங்டனை அடுத்த ஜார்ஜ்டவுனில் இராணுவ மருத்துவமனையொன்றில் தாதியாகச் சேர்ந்தார். அது தங்கும் விடுதியாக இருந்து மருத்துவமனையாக மாற்றப்பட்ட கட்டடம். அவர் அங்குப் பணியாற்றியது ஏறக்குறைய ஆறு வாரங்களே. 1863 ஜனவரியில் கடுங்காய்ச்சல் கண்டு, தந்தையாரால் வீட்டிற்கு அழைத்துச் செல்லப்பட்டார். அவர் வீட்டிற்கு எழுதிய மடல்களே திருத்தப்பெற்று, முதலில் பாஸ்டன் நகரின் அடிமையொழிப்பு வார இதழொன்றிலும் பின்னர் நூலாகவும் வெளிவந்தன. அவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்த ‘லிட்டில் விமன்’ வெளிவரத் தொடங்கியது 1868இல்தான்.

லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேலின் தாதியர் பள்ளி 1860ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அமெரிக்காவில் அத்தகைய பள்ளிகள் 1870களில்தான் தோன்றின. எனவே ஆல்காட் எவ்விதப் பயிற்சியும் இன்றியே பணியில் இறங்கியவர். இப்பயிற்சியின்மையே அவர்தம் நகைச்சுவைக்கு முதற்களமாக அமைகிறது.

தன்னை நகுதல்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலிலும் அழுகையை அடுத்தும் வைக்கிறார். நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கையும் சுட்டுகிறார். ஆல்காட் தம் கதைசொல்லிக்குச் சூட்டிய பெயரிலேயே பேதைமைவழி நகைக்கு வித்திடுகிறார். ‘டிரிபுலேஷன் பெரிவிங்கிள்’ என்னும் அப்பெயரில் முற்பகுதி துன்பத்தையும் பிற்பகுதி சிறு பூக்கொடியையும் குறிக்கும். மருத்துவமனைக்கும் ‘அமளி இல்லம்’ என்னும் பொருள்படவே பெயரிடுகிறார்.

பிரெடரிக்ஸ்பர்க் போரில் காயமுற்றோர் வண்டி வண்டியாக வந்திறங்கும் காட்சி இதற்குத் தக்க சான்று. வீரர்களின் அழுக்காடை களைந்து உடல் கழுவுமாறு தலைமைத் தாதி பணிக்கிறார். மணமாகாத பெண்ணொருத்தி அறிமுகமில்லாத ஆடவரைக் கழுவுவது அக்காலச் சமூகத்தில் எத்துணைக் கூச்சத்திற்குரியது என்பதை நாம் உணரலாம். கதைசொல்லி தம் திகைப்பைத் தாமே பகடி செய்துகொண்டு சோப்பைக் கையிலெடுக்கிறார். முதலில் அமைந்தவர் தலையில் காயமுற்ற முதிய ஐரிஷ்காரர். தம்மை ஒரு சீமாட்டி கழுவுவதா என அவர் வியந்து வாழ்த்த, இருவரும் சேர்ந்து சிரித்துவிடுகின்றனர். அச்சிரிப்பிற்குப் பின் வேலை தடையின்றி நடக்கிறது. கழுவப்படுபவரின் நாணத்தையும் கழுவுபவரின் அச்சத்தையும் ஒருங்கே நீக்குவது அச்சிரிப்பே. வெந்நீரும் துவாலையும் போன்றே அதுவும் அங்குப் பணிக்கருவியாகிறது.

நோயுற்றவரின் நகை

இதனினும் நுட்பமானது காயமுற்ற வீரரிடமே தோன்றும் நகை. ஒரு காலை இழந்து, ஒரு கையையும் இழக்கவிருக்கும் சார்ஜன்ட் ஒருவர், இறுதித் தீர்ப்பு நாளில் வீரர்கள் கல்லறைகளிலிருந்து எழும்போது தத்தம் கைகால்களைத் தேடி எவ்வளவு நெரிசல் ஏற்படும் எனக் கற்பனை செய்து சிரிக்கிறார். தம் கால் ஒரு நிலத்திலிருந்தும் கை வேறொரு நிலத்திலிருந்தும் நடந்துவர வேண்டியிருக்குமே என்பது அவர்தம் வேடிக்கைக் கவலை.

இந்நகையைத் தொல்காப்பியர் கூறும் நான்கு களன்களுள் எதனுள் அடக்குவது? இங்கு எள்ளப்படுவார் பிறரில்லை, பேதைமையும் இல்லை. பண்டைய நிலை கெட்டு வேறாதலை அசைவு எனக் கொள்வது மரபு. அழுகைக்குரிய நான்கு களன்களுள் அதுவும் ஒன்று. ஆக, அழுகைக்குரிய களத்தில் நகை பிறந்திருக்கிறது எனலாம். துன்பம் நேரும்போது நகுக என வள்ளுவர் கூறும் நெறியும் (621) இங்கு நினைக்கத்தக்கது. தாதி அவருடன் சேர்ந்து நகுகிறார். ஆறுதல் மொழி எதுவும் கூறவில்லை. தம் உடலைக் குறித்து எதைப் பேசுவது, எப்படிப் பேசுவது என்னும் உரிமை நோயாளிக்கே உரியது என அவர் அறிந்திருப்பதை இது காட்டுகிறது. ஈண்டுப் பரிவு என்பது அவ்வுரிமைக்கு இடந்தருதலேயாம்.

நகை அடங்கும் இடம்

தம் பொறுப்பிலிருந்த மூன்று அறைகளைக் கதைசொல்லி கடமையறை, களிப்பறை, துயரறை எனப் பிரித்துக் கூறுகிறார். முதலாவதில் கட்டுத்துணியும் மருந்தும். இரண்டாவதில் நூல்களும் விளையாட்டும் பேச்சும். மூன்றாவதில் தேநீரும் தாலாட்டும், சிலபோது பிணத்துணியும். இப்பாகுபாடே நூலின் சுவையமைப்பையும் விளக்கிவிடுகிறது.

துயரறையின் மையம் ஜான் என்னும் வர்ஜீனியக் கொல்லர். அவர் பிழைக்கமாட்டார் என்பதை அவரிடம் கூறும் பொறுப்பை, பெண்களுக்கே அது இதமாக வரும் என்று சொல்லி அறுவை மருத்துவர் தாதியிடம் விட்டுச் செல்கிறார். அமைதியாக இருந்ததனாலேயே அவருக்கு உதவி தேவையில்லை எனத் தாம் எண்ணி வந்ததை, அவர் கண்ணீர் வடிக்கக் கண்ட பின்னரே தாதி உணர்கிறார். அதுவரை எதையும் பகடி செய்துவந்த நடை இங்கு முற்றிலும் மாறுகிறது. பணிச்சுமையில் வாய்விட்டுக் கேட்பவரே கவனிப்பைப் பெறுவர். கேளாதவர் விடுபட்டுப் போவர். ஆல்காட் தம் குறையாகவே ஒப்புக்கொள்ளும் இவ்வுண்மை எந்நாட்டுத் தாதியர்க்கும் பொருந்தும். வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர்க்கும் பொருந்தும்.

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழில் வழங்கும் ‘தாதி’ என்னும் சொல்லும், தமிழ்நாட்டில் வழங்கும் ‘செவிலி’ என்னும் சொல்லும் வளர்ப்புத்தாயைக் குறித்த பழஞ்சொற்களே. ஜான் இறந்தபின் தாதி அவர்தம் தாய்க்கென முடிக்கற்றையை வெட்டி, மோதிரத்தைக் கழற்றி, அத்தாயின் பொருட்டு முத்தமிடுகிறார். முந்தைய இரவே வந்தும் கொடுக்க மறந்த மடலை, இறந்தவர் கையிலேயே வைக்கிறார். இப்பகுதியில் ஆசிரியர் ஒரு நகைமொழியையும் நுழைக்கவில்லை. எங்குச் சிரிக்கலாகாது என்று அறிந்திருப்பதனாலேயே அவர் பிறவிடங்களில் சிரிப்பதை நாம் ஏற்கிறோம்.

நகையின் வழு

எனினும் இந்நூலின் நகை எல்லா இடங்களிலும் பரிவோடு இயைந்து நிற்கவில்லை. ஆல்காட் அடிமையொழிப்பை வலியுறுத்திய குடும்பத்தினர். அடிமைகளின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்த 1863 புத்தாண்டு நள்ளிரவில், தெருவில் ஆரவாரித்த கறுப்பின மக்களுக்குச் சன்னலைத் திறந்து கைக்குட்டையசைத்ததைப் பதிவு செய்கிறார். கறுப்பினப் பணியாளரின் ஊழியத்தை ஏற்றுக்கொண்டு நன்றி கூற மறுக்கும் தாதியரையும் கண்டிக்கிறார். ஆயினும் அம்மக்களை வருணிக்குமிடத்து, அவர்களைத் தனி மனிதராகக் காணாது, இன்ன இயல்பினர் எனத் தொகுத்துக் கேலி செய்கிறார். சார்ஜன்ட்டுடன் சேர்ந்து சிரித்தவர் இங்கு அம்மக்களைப் பார்த்துச் சிரிக்கிறார். நகைக்குரிய களன் இங்கு எள்ளல் ஒன்றே. அதுவும் வலியவர் எளியவரை எள்ளும் எள்ளல். நல்ல நோக்கம் மட்டுமே நகையைப் பரிவாக்கிவிடாது என்பதற்கு இந்நூலே சான்று தருகிறது.

முடிவுரை

இதழில் வெளிவந்தபோதே இச்சித்திரங்களின் விளையாட்டு நடையைச் சிலர் குறைகூறினர். நூலின் இறுதியில் அமைந்த பின்குறிப்பில் ஆல்காட் அதற்கு விடையளிக்கிறார். துயரம் மிக்க இடத்திலிருந்தும் வீட்டாருக்கு மகிழ்வான செய்தியையே அனுப்ப விரும்பியதன் விளைவு அது என்பது அவர் கூற்று. நாம் இவ்விடையை முழுமையானதாகக் கருதவில்லை. வீட்டாரைத் தேற்றுவது நகையின் ஒரு பயன் மட்டுமே. வெட்கம் நீக்கி வேலையைத் தொடங்கச் செய்ததும், கைகால் இழந்தவர்க்குத் தம்மைப் பற்றித் தாமே பேசும் உரிமையளித்ததும் அந்நகையே என்பதை மேலே கண்டோம். ஆசிரியர் தம் நகைக்காகக் கூறும் சமாதானத்தைவிட, அந்நகை நூலில் ஆற்றும் பணி பெரிது.

ஜானின் பிடியிலிருந்து விடுவிக்கப்பெற்ற தம் கையில், வெம்மையும் நிறமும் திரும்பிய பின்னும் நான்கு வெண்தடங்கள் நின்றன என்று ஆல்காட் எழுதுகிறார். சோப்பெடுத்து ஐரிஷ்காரரைக் கழுவியதும் அதே கைதான். இவ்விரண்டையும் ஒருசேரப் படிக்கும் மாணவர்க்கு, மெய்ப்பாட்டியலில் நகையும் அழுகையும் அடுத்தடுத்து நிற்பதன் பொருத்தத்தை ஆசிரியர் எளிதில் விளக்கலாம்.