பொய்விடைக்கு ஒரு பூட்டு

“நான் எதையும் திட்டமிட்டே செய்பவன்: ஆம் அல்லது இல்லை.” வேலைக்கு மனுப் போட்டிருக்கும் உங்களிடம் இப்படிக் கேட்டால் எதைக் குறிப்பீர்கள்? ‘ஆம்’ என்றுதானே! கேள்வியே விடையைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. ஆளுமைச் சோதனைகளின் பழைய நோய் இது.

1943-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாத்தவே, மெக்கின்லி ஆகிய இருவர் வெளியிட்ட வினாப்பட்டியலில் இதற்கென ஒரு பொறி இருந்தது. 500-க்கு மேற்பட்ட கூற்றுகளுக்கு நடுவே, எல்லாரிடமும் காணப்படும் சிறு குறைகளைப் பற்றிய 15 கூற்றுகளைக் கலந்து வைத்தனர். அவற்றில் ஒன்றுகூடத் தம்மிடம் இல்லை என்பவர், மற்ற விடைகளிலும் மெருகு பூசியிருப்பார் என்று ஐயுறலாம். ஆனால் ஐயம் எழுமே தவிர, உண்மை விடை கிடைக்காது. பொறி இருக்கும் இடம் தெரிந்தவரை அது பிடிக்கவும் பிடிக்காது. 1956-இல் வில்லியம் ஒயிட் என்ற எழுத்தாளர், இத்தகைய சோதனைகளை ஏமாற்றும் வழியைத் தம் நூலில் பின்னிணைப்பாகவே சேர்த்துவிட்டார்!

ஆலன் எட்வர்ட்ஸ் என்ற உளவியலார் வேறு வழியில் சென்றார். 1953-இல் அவர் 140 கூற்றுகளை ஆராய்ந்தார். நல்லதென்று மக்கள் மதிக்கும் கூற்றையே பெரும்பாலோர் தம்முடையதாகச் சொல்லிக்கொண்டனர். இவ்விரண்டுக்கும் உள்ள ஒட்டுறவு எண் 0.87. (முழுப் பொருத்தம் என்றால் 1.) எனவே, ஏறத்தாழச் சம மதிப்புள்ள இரு கூற்றுகளை இணையாக்கி, ‘இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடு’ என்று கேட்கும் சோதனையை 1954-இல் வெளியிட்டார். இரண்டுமே நல்லவை என்றால் எதைச் சொல்லி ஏமாற்றுவது?

பூட்டு நல்ல பூட்டுத்தான். ஆனால் அது கேட்கும் விலையைப் பாருங்கள். இச்சோதனை 15 பண்புகளை அளக்கிறது. ஒவ்வொரு பண்பும் மற்ற 14 பண்புகளோடு இருமுறை மோதுகிறது. ஆக 210 இணைகள். ஒவ்வோர் இணையிலும் ஏதேனும் ஒரு பண்புக்கு ஒரு மதிப்பெண். ஆகவே யார் எழுதினாலும் மொத்தம் 210தான்! ஒரு பண்பு ஏறினால் இன்னொன்று இறங்கியே தீரவேண்டும்.

பள்ளிக் கணக்காகவே சொல்கிறேன். தமிழ், கணக்கு, அறிவியல் ஆகியவற்றில் ஒரு மாணவன் 90, 80, 70 வாங்குகிறான். இன்னொருவன் 40, 30, 20. பாடங்களின் வரிசையை மட்டும் கேட்டால் இருவரும் ஒன்றே! ஒருவரது மனத்துக்குள் எது மேல், எது கீழ் என்று அறிய இது உதவும். இருவரில் யார் மேல் என்று சொல்ல உதவாது. வேலைக்கு ஆள் எடுப்பவருக்கு வேண்டியதோ அந்த இரண்டாவதுதான். எட்வர்ட்ஸ் தம் சோதனையை ஆராய்ச்சிக்கும் ஆலோசனைக்குமே முதன்மையாக அமைத்தார் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆலோசனை தேடி வருபவருக்குப் பொய் சொல்லக் காரணமும் குறைவு.

சம மதிப்பு என்பதும் இடத்துக்கு இடம் மாறும். ‘கலகலப்பாகப் பழகுவேன்’, ‘கணக்கைப் பிழையின்றி எழுதுவேன்’ ஆகிய இரண்டும் பொதுவாகச் சமம் எனலாம். விற்பனையாளர் வேலைக்கு வந்தவர் முன் வைத்தால் சமமாகுமா?

2011-இல் அன்னா பிரவுன், ஆல்பர்ட்டோ மைடியூ ஒலிவாரஸ் ஆகியோர் புதிய புள்ளியியல் முறை ஒன்றைத் தந்தனர். இணைத் தேர்வுகளிலிருந்தே ஆளுக்கு ஆள் ஒப்பிடத்தக்க மதிப்பெண்ணைக் கணிக்கும் முறை அது. மெச்சத் தக்க முன்னேற்றம். ஆனால் அளக்கும் பண்புகள் சிலவே என்றால், நிறையைச் சொல்லும் கூற்றோடு குறையைச் சொல்லும் கூற்றையும் சில இடங்களில் இணைத்தால்தான் கணிப்பு துல்லியமாகிறது. ‘நான் உழைப்பாளி’, ‘நான் எளிதில் எரிந்து விழுவேன்’ என்ற இரண்டையும் அருகருகே வைத்தால், வேலை தேடி வந்தவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.