குட்டைத் தண்டும் ராகித் தாளும்

அக்டோபர் கடைசியில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்தாலே பெங்களூரைச் சுற்றியுள்ள தேவனஹள்ளி, தொட்டபள்ளாப்பூர், ஹொஸ்கோட்டே பக்கத்து ராகிக்காரர்களுக்குக் கவலை பிடித்துக்கொள்ளும். ஆடி, ஆவணியில் விதைத்த பயிர் அப்போதுதான் கதிர் முற்றி நிற்கும். நாலு நாள் விடாத மழையும் கூடவே காற்றும் வந்தால், தலைப்பாரம் தாங்காமல் அடித்தண்டு மடிந்து பயிர் சாய்ந்துவிடும். ஈர மண்ணில் படிந்த கதிரில் மணி அப்படியே முளைவிடும். நின்ற பயிரைப் பிடி பிடியாக அறுத்துப்போகிற ஆள், சாய்ந்த பயிரைக் கொத்துக் கொத்தாகத் தூக்கிப் பிரித்துத்தான் அறுக்க வேண்டும். கூலி ஏறும். இயந்திரம் விட்டால் பாதிக் கதிர் காட்டிலேயே கிடக்கும்.

இந்தச் சாய்வைத் தடுக்கத் தானியப் பயிர்களில் பல நாடுகளில் புழங்கும் மருந்து குளோர்மெக்வாட் குளோரைடு. நம் கடைகளில் லிஹோசின் என்ற பெயரில் கிடைக்கும். தண்டை நீளச் செய்யும் ஜிப்ரெலின் ஹார்மோன் செடிக்குள் உருவாவதை இது தொடக்கத்திலேயே தடுக்கிறது. கணுக்களுக்கு நடுவிலுள்ள தூரம் குறையும், தண்டு தடிக்கும், பயிர் குட்டையாக நிற்கும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டால்பர்ட் என்ற விஞ்ஞானி 1960இல் இதைக் கோதுமைச் செடிகளில் நிரூபித்தார். சில ஆண்டுகளிலேயே ஐரோப்பியக் கோதுமை வயல்களில் இது வழக்கமாகிவிட்டது. பசுமைப் புரட்சியின் ஐ.ஆர்.8 நெல்லிலும் நடந்தது ஏறக்குறைய இதுவே. அதன் குட்டை மரபணு ஜிப்ரெலினைக் குறைத்தது. அங்கே விதைக்குள் இருந்த வேலையை இங்கே தெளிப்பான் செய்கிறது.

மருந்து வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. கர்னாலில் உள்ள கோதுமை ஆராய்ச்சி நிறுவனம், முன்பட்டத்தில் விதைத்து உரத்தைக் கூட்டிப் போடும் கோதுமைக்கு இதை டெபுகொனசோல் என்ற பூஞ்சாணக்கொல்லியோடு கலந்து இரண்டு முறை தெளிக்கச் சொல்கிறது: முதல் கணு விடும்போது ஒன்று, கண்ணாடி இலை வரும்போது ஒன்று. பரிந்துரைத்த அளவைப்போல் ஒன்றரை மடங்கு உரம் போட்டு, பாசனமும் குறையாமல் செய்து, உச்ச விளைச்சலைக் குறிவைக்கும் பஞ்சாப், ஹரியானா வயலுக்கு அது நியாயமான செலவு. அங்கே பயிர் சாய்ந்தால் போவது பெரிய விளைச்சல். இதை மறுத்துப் பேசுவது நேர்மையாகாது.

அதே கணக்கை ராகிக்குக் கொண்டுவர வேண்டும் என்ற பேச்சுதான் எனக்கு உடன்பாடில்லாதது. முதல் சிக்கல் காலம். தண்டு நீளத் தொடங்கும்போதே மருந்தை அடித்தாக வேண்டும். மழை வருமா வராதா என்பதோ அதற்குப் பல வாரம் கழித்துத்தான் தெரியும். பயிர் சாயாத ஆண்டில் இந்தத் தெளிப்பால் பெரிதாக விளைச்சல் கூடுவதில்லை. மருந்துச் செலவும் ஆள்கூலியும் போனது போனதுதான். தெளித்த பின் வறட்சி வந்தால், ஏற்கெனவே தண்ணீருக்குத் தவிக்கும் மானாவாரிப் பயிரை நாமும் சேர்ந்து அடக்கி வைத்ததாகிவிடும்.

இரண்டாவது சிக்கல்தான் பெரியது. ஐரோப்பாவில் கோதுமைத் தாளுக்குப் பெரிய மதிப்பில்லை. இங்கே ராகித் தாள்தான் மாட்டுக்குக் கோடை முழுவதும் சோறு. கோலார், ராமநகரம், பெங்களூர் ஊரகப் பகுதிகளில் பால் பணத்தில் ஓடும் வீடுகள் ஏராளம். காலையிலும் மாலையிலும் கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றும் பாலுக்குப் பின்னால் களத்துமேட்டுத் தாள்போர் நிற்கிறது. மணி அதிகம் தருகிற ரகமானாலும் தாள் குட்டை என்றால் விவசாயி யோசிப்பார், யோசிக்கவும் வேண்டும். தண்டைக் குறைப்பதே வேலையாக உள்ள ஒரு மருந்தை, தண்டும் வருமானமாக உள்ள பயிருக்குச் சிபாரிசு செய்கிறவர் மணி எடையை மட்டும் காட்டினால் அது பாதிக் கணக்கு.

தாளில் தங்கும் எச்சத்தையும் பார்க்க வேண்டும். இந்த மருந்து அடித்த வைக்கோலில் வளர்க்கும் சிப்பிக் காளானுக்குள் எச்சம் ஏறுகிறது என்பதாலேயே ஐரோப்பிய ஒன்றியம் காளானுக்குத் தனி வரம்பு வைத்தது. காளானுக்குப் போவது மாட்டுக்கும் போகும். எச்சம் என்ன செய்யும் என்ற பாடத்தை 2010இல் நம் திராட்சைக்காரர்கள் படித்தார்கள். கொடியின் வீரியத்தை அடக்கிக் காய்க்கும் மொட்டு பிடிக்க இதே மருந்தை அடிப்பது திராட்சைத் தோட்டங்களில் பழைய வழக்கம். ஐரோப்பா திராட்சைக்கு வைத்திருந்த வரம்பு கிலோவுக்கு 0.05 மில்லிகிராம். ஏற்றுமதிக்கு முன் நாம் பரிசோதித்த மருந்துகளின் பட்டியலில் இதன் பெயரே இல்லை. சரக்கு அங்கே போய்ச் சேர்ந்த பிறகு சிக்கியது, பெரும்பாலும் மகாராஷ்டிர விவசாயிகள் கோடிக்கணக்கில் இழந்தார்கள். அதே ஐரோப்பா கோதுமைக்கும் ஓட்ஸுக்கும் பன்மடங்கு கூடுதலான வரம்பை அனுமதிக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கே அது வழக்கமான மருந்து.

மனித உடலைப் பற்றிய சான்று இன்னும் முடிவுக்கு வரவில்லை. 2024இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று 96 பேரின் சிறுநீரைச் சோதித்து, ஐந்தில் நால்வரிடம் இதைக் கண்டது. அளவு அரசு வரம்புகளுக்கு வெகுவாகக் கீழேதான். பன்றி, எலி ஆய்வுகள் சிலவற்றில் இனப்பெருக்கத் திறன் குறைந்தது, சிலவற்றில் அப்படி இல்லை. பயமுறுத்த இது போதாது. ஆனால் குழந்தைக்கு முதல் கூழாகவும் சர்க்கரை நோயாளிக்கு முத்தை என்னும் களியாகவும் தினம் தட்டில் விழுகிற தானியத்தில், தேவை நிரூபணமாகாத மருந்தைச் சேர்க்காமல் இருக்க இது போதும்.

சாய்வுக்கு வேறு வழியே இல்லையென்றால் பேச்சு வேறு. இருக்கிறது. மானாவாரி ராகிக்கு ஹெக்டேருக்கு 50 கிலோ தழைச்சத்து என்பது பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை, ஏக்கருக்கு 20 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றிலேயே ஏறக்குறைய 21 கிலோ இருக்கிறது. தொழுவுரமும் அடித்து, டி.ஏ.பி.யும் போட்டு, அதற்குமேல் யூரியா மூட்டையையும் பிரித்துக் கொட்டினால் பயிர் மெலிந்து நீண்டு விழாமல் என்ன செய்யும்?

ஹாவேரி மாவட்டத்தின் ‘குளி’ (குழி நடவு) முறை, உரத்தை அளவோடு போடுவதைவிட அழகானது. ஒன்றரை அடி இடைவெளியில் நாற்று நட்டு, பயிர் இளசாக இருக்கும்போது ‘கொரடு’ என்ற லேசான மரக்கட்டையை மாடு பூட்டிப் பயிர்மேலேயே இழுத்துப்போவார்கள். செடிகள் மடங்கிப் படுத்து, பிறகு நிமிரும். நிமிரும்போது தூர் வெடிக்கும், வேர் பலப்படும். தண்டின் வளர்ச்சியை அடக்கித் தூரின் பக்கம் திருப்புகிற வேலை இங்கேயும் நடக்கிறது, எச்சம் இல்லாமல். நெருக்கி விதைத்த காட்டில் இது சரிவராது, நடவுக்கு ஆள் வேண்டும். அந்தக் குறை உண்மையானது. ஆள் கிடைக்காமல் இயந்திர அறுவடையை நம்பியிருக்கும் பெரிய பாசனப் பண்ணைக்காரர் மருந்தைக் கேட்டால், அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

அவருக்கும் சேர்த்தே பதில் வர வேண்டிய இடம் பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்துச் சோதனை வயல்கள். மருந்து அடித்த பாத்தியில் மணி எடையோடு தாளின் எடையும் எடுக்கப்பட வேண்டும். அந்தத் தாளிலும், அதைத் தின்ற மாட்டின் பாலிலும் எச்சம் பார்க்கப்பட வேண்டும். சாயாத ஆண்டின் கணக்கும் முடிவில் சேர வேண்டும். அந்த எண்கள் கையில் வரும்வரை மானாவாரி ராகிக் காட்டுக்குள் இந்த மருந்தை அழைப்பதற்குக் காரணம் இல்லை.