பச்சைப் புள்ளி சூப்

புள்ளலூர் மாமாவின் பையன் ஒரகடத்தில் ஒரு ஜப்பானியக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். டிரெய்னிங்குக்காக ஒரு வருஷம் நகோயா போகச் சொல்லிவிட்டார்கள். முட்டைகூட நுழையாத வீடு. மாமா உடனே பஸ் பிடித்து சென்னை வந்துவிட்டார். ‘‘மாப்ளே, அவன் அங்க என்னத்தைத் தின்னப் போறான்னு நானே ஒரு வாட்டி தின்னு பாத்துடறேன். நல்ல ஓட்டலா கூட்டிட்டுப் போ.’’

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஜப்பானியர்கள் வர வர, சென்னையில் அவர்கள் ஊர் உணவகங்களும் வந்துவிட்டன. அதில் கொஞ்சம் உசத்தியான ஒன்றுக்குப் போனோம். பெயர் வேண்டாம். மங்கல் வெளிச்சம், மர மேஜை, சுடச்சுட ஈரத் துண்டு. மாமா அதில் முகம், கழுத்தெல்லாம் துடைத்துக்கொண்டு, ‘‘இதுக்குத் தனியா காசா?’’ என்றார்.

மெனுவில் வெஜ்ஜுக்குத் தனிப் பக்கம். வரிக்கு வரி பச்சைப் புள்ளி. முதலில் எடமாமே. தோலோடு வேகவைத்து உப்புத் தூவிய பச்சை சோயா. ‘‘நம்ம மொச்சைதாம்ப்பா’’ என்று மாமா ஒரு கிண்ணத்தைக் காலி செய்தார். அடுத்து வெள்ளரிக்காய் சுஷி. வினிகர் கலந்த சாதத்தைக் கடற்பாசித் தாளில் சுருட்டி, நடுவில் ஒரு குச்சி வெள்ளரி. சாதத்தைக் குறை சொல்ல முடியாது. ஒட்டியும் இருந்தது, குழையவும் இல்லை.

அப்புறம் மிஸோ சூப் வந்தது. சோயாவைப் புளிக்கவைத்த விழுதைக் கரைத்துச் செய்வது. மாமா இரண்டு ஸ்பூன் குடித்துவிட்டு, ‘‘ருசியாத்தான் இருக்கு. என்னமோ ஒரு வாசனை’’ என்றார். எனக்குச் சந்தேகம் வந்து, ‘‘தாஷி எதுல எடுத்தது?’’ என்று கேட்டேன். ‘‘கம்ப்ளீட்லி வெஜ் சார்’’ என்றார் சர்வர். உள்ளே கேட்டுவிட்டு வரச் சொன்னேன். செஃப்பே வந்தார். ‘‘ஸாரி சார். மீன் துண்டு எதுவும் போடலை. ஸ்டாக் மட்டும் மீன்ல எடுத்தது.’’

மாமா சத்தம் போடவில்லை. எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். எனக்குத்தான் அதற்கப்புறம் எதுவும் இறங்கவில்லை.

தாஷி, ஜப்பானியச் சமையலின் பெருங்காயம். கண்ணுக்குத் தெரியாது, எல்லாவற்றிலும் இருக்கும். ‘கொம்பு’ என்ற காய்ந்த கடற்பாசியையும், வேகவைத்துப் புகையூட்டிக் கட்டையாகக் காயவைத்துச் சீவிய சூரை மீனையும் வெந்நீரில் போட்டு வடிகட்டினால் தாஷி. அந்த மீன், நம் மாசிக் கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். சூப், நூடுல்ஸ் குழம்பு, டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு எல்லாவற்றுக்கும் வழக்கமாக இதுதான் அஸ்திவாரம்.

ஜப்பானில் இப்படி நடந்தால் அவர்களைக் கோபிக்க முடியாது. கி.பி. 675-ல் தெம்மு சக்ரவர்த்தி மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி தின்னத் தடை போட்டார். பட்டியலில் மீன் இல்லை. இன்றைக்கும் ‘நிகு’ என்றால் மாமிசம். மீன் அதில் சேராது. நீங்கள் ‘நிகு வேண்டாம்’ என்றால் நல்ல மனசோடு மீனைக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆனால் சென்னையில் கடை போட்டு, பச்சைப் புள்ளியும் வைத்து, அதற்கு ஒரு விலையும் வாங்குகிறவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

என் இரண்டாவது புகார் இதைவிடப் பெரியது. அந்த வெஜ் பக்கம் முழுக்கக் கழித்தல் கணக்கு. மீனை எடுத்துவிட்டு வெள்ளரியை வை, இறாலை எடுத்துவிட்டு கேரட்டை வை. ஜப்பானிடம் சைவமே இல்லாததுபோல! ஜென் மடங்களில் ‘ஷோஜின் ரியோரி’ என்று பல நூற்றாண்டுகளாக ஒரு முழுச் சைவச் சமையல் இருக்கிறது. டோகன் என்ற ஜென் குரு, மடத்துச் சமையல்காரருக்கான கடமைகளை 1237-லேயே தனி நூலாக எழுதிவைத்தார். பூண்டு, வெங்காயம் கிடையாது, நம் காஞ்சிபுரம் கோயில் இட்லி மாதிரி. எள்ளை அரைத்துச் செய்யும் ‘கோமா தோஃபு’ அதில் பிரசித்தம். அங்கே தாஷிக்கு மீன் வேண்டாம். கொம்பும் காய்ந்த ஷிடாகே காளானும் போதும். ருசி குறையாதா? டோக்கியோவில் இகேடா என்ற பேராசிரியர் 1908-ல் ‘உமாமி’ ருசியைக் கண்டுபிடித்ததே கொம்பில்தான். அடுத்த வருஷமே அது அஜினோமோட்டோவாக விற்பனைக்கு வந்தது. நம் ஃப்ரைடு ரைஸ் கடைவரைக்கும் வந்துவிட்டதே, அதுதான்.

கொம்பும் காளானும் காய்ந்த சரக்கு. டப்பாவில் மாதக்கணக்கில் கிடக்கும். தனியாக ஒரு பாத்திரம் அடுப்பில் வைத்தால் முடிந்தது. அதைச் செய்யாததற்குப் பெயர் அலட்சியம்.

இன்னொரு வேடிக்கை. ஜென்னின் ஆதிகுரு போதிதர்மர் காஞ்சியிலிருந்து போனவர் என்று ஒரு மரபு உண்டு. சரித்திரக்காரர்கள் ஒருமனதாக ஒப்புக்கொள்வதில்லை. ‘ஏழாம் அறிவு’ 2011-ல் வந்தபிறகு நம் ஜனங்களுக்குச் சந்தேகமே இல்லை. மாமாவிடம் சொன்னேன். ‘‘அப்ப நம்ம ஊர்க்காரர் மடத்துச் சாப்பாடு அங்க கிடைக்குது, இங்க கிடைக்கல, அதானே?’’ என்றார்.

அதேதான். இதுபோன்ற இடங்களுக்குப் போனால் மூன்று கேள்வி கேளுங்கள். தாஷி எதில்? டெம்புரா மாவில் முட்டை உண்டா? எண்ணெய் தனியா? பதிலைச் சமையலறையிலிருந்து வாங்குங்கள், மெனுவிலிருந்து வேண்டாம்.

பில் ஐயாயிரத்தைத் தாண்டியது. சூப்புக்கு மட்டும் காசு வாங்கவில்லை. மாமா பில்லைத் திருப்பிப் பேனாவோடு என்னிடம் நீட்டினார். ‘‘பையன் போகட்டும். அந்தக் கொம்பு, காளான், மடத்துச் சாப்பாடு பேரெல்லாம் ஜப்பான் பாஷைல இதுல எழுதிக் குடு. மீன் தண்ணிகூட ஆகாதுங்கறதையும் சேத்து எழுது.’’

எனக்கு ஜப்பான் எழுத்து தெரியாது. செஃப்தான் எழுதிக் கொடுத்தார்.