மாவர்தீயின் இருபதாம் இயல்

இஸ்லாமிய ஆட்சிமுறையைப் பற்றிப் பேசப் புகுவோர் இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்களின் ‘அல்-அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’வைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. ஆயின் அவர்கள் எடுத்துக்காட்டுவன பெரும்பாலும் கலீஃபாவின் தகுதிகள், பைஅத், அமைச்சர் நியமனம் ஆகிய முற்பகுதிச் செய்திகளே. நூலில் இருபது இயல்கள் உள்ளன. ஹிஸ்பாவைப் பற்றிய கடைசி இயல் வரை பொறுமையாக வந்து சேர்ந்தோர் சிலரே என்று எண்ணுகிறோம்.

ஹிஜ்ரி 364இல் பஸராவில் பிறந்து 450இல் (கி.பி. 1058) மறைந்த இமாமவர்கள் ஷாஃபிஈ மத்ஹபின் பெருங்காஜிகளில் ஒருவர். அன்னாரின் வாழ்நாளில் பெரும்பகுதி, பக்தாதின் படையும் வருவாயும் புவைஹ் குடும்பத்தார் கையில் இருந்த காலம். பலவந்தமாக நாட்டைக் கைப்பற்றிய அமீரையும் நிபந்தனைகளோடு ஏற்கலாம் என்று அன்னார் எழுதியதை இப்பின்னணியில் வைத்தே படிக்க வேண்டும். அன்றைய நெருக்கடிக்குத் தேடிய வழியை எக்காலத்துக்குமான ஆட்சித் திட்டமாக மேடையில் முழங்குவது நூலுக்குச் செய்யும் நியாயமன்று.

இருபதாம் இயலோ வேறு வகை. ஓர் ஊரில் குடிநீர் வரத்து நின்றுவிடுகிறது. மதில் இடிந்து விழுகிறது. யார் செய்வது? பைத்துல்மாலில் பணமிருந்தால் அதிலிருந்து செய்ய வேண்டும். இல்லையேல் வசதியுள்ளோர் அனைவர்மீதும் பொறுப்பு வருகிறது. இன்னார்தாம் என்று ஒருவரைச் சுட்ட இயலாது. அவர்களே முன்வந்துவிட்டால் முஹ்தஸிப் கட்டளையிட இடமில்லை. இடிந்து கிடப்பதைக் கட்ட அனுமதி வேண்டுவதில்லை. பழுதுற்று நிற்பதை இடித்துக் கட்டுவதாயின் அனுமதி வேண்டும். எத்துணை நுட்பமான வேறுபாடு!

அனைவரும் கைகட்டி நின்றால்? எல்லைக் காவலூர்களுக்கு விதி கடுமையானது; அதை விடுவோம். பிற ஊர்களில், அரசிடமும் பொருளில்லாதபோது, ஊரை விட்டுப் போவதா, கூடிப் பராமரித்து வாழ்வதா என்று மக்களையே தேர்ந்துகொள்ளச் சொல்ல வேண்டும். இருக்க இசைந்தால் அவரவர் மனமொப்பித் தருவதைத் தரலாம். பணமில்லாதவர் உழைப்பைத் தரலாம். ஆனால், தருவதாக ஏற்றுக்கொண்டவரிடம் அதைக் கேட்டுப் பெற வேண்டும். தனி மனிதருக்கிடையிலான விவகாரங்களில் இத்தகைய ஏற்பு கட்டுப்படுத்தாது. பொதுநலத்தின் சட்டமோ விரிவானது என்கிறார்கள் இமாமவர்கள். தக்பீர் முழக்கத்துக்கிடையே சொல்லப்பட்டு, ஜமாஅத் நோட்டுப் புத்தகத்திலேயே உறங்கும் தொகைகளுக்குச் சொந்தக்காரர்கள் இப்பகுதியை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

எனினும் இங்கே ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். நூலை மதிக்கிறோம் என்பதற்காக வாளாவிருப்பது கல்விக்கு அழகன்று. ‘மனமொப்பும் அளவு’ என்று விட்டுவிட்டால், செல்வர் சிறிது கொடுத்து ஒதுங்கிக்கொள்ள, ஏழையின் முதுகில்தான் மண்கூடை ஏறும். போவதா, இருப்பதா என்ற தேர்வும் அப்படியே: வசதியுள்ளவருக்கு வேறூரில் வீடு கிடைக்கும், கூலிக்காரர் எங்கே போவார்? ஷாஃபிஈ ஃபிக்ஹைப் போதிக்கும் நம் உலமாக்கள் இவ்விடத்தில் ஆய்வைத் தொடங்கினால், முதல் இயலை மறுபடியும் ஒப்பிப்பதைவிடப் பயனுண்டு.