குறளும் ஏழும்

தமிழ்மறையாம் திருக்குறளின் அதிகாரம் 133. அவ்விலக்கங்களைக் கூட்டினால் 7. குறளின் சீரும் 7. ஆதலின் ஏழிலே தெய்வ இரகசியம் உண்டென்பர் சிலர். கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களிலும் இப்பேச்சைக் கேட்கிறோம். இஃது ஆராய்ச்சிக்கு நிற்குமா?

முதலடி நாற்சீர், இரண்டாமடி முச்சீர் என்பது குறள் வெண்பாவின் இலக்கணம். அவ்யாப்பில் எவர் பாடினும் சீர் ஏழேயாம். அறத்துப்பால் 38, பொருட்பால் 70, காமத்துப்பால் 25. இவற்றின் கூட்டே 133. பழந்தமிழ் எண்முறையிலோ நூற்றுக்கும் பத்துக்கும் தனிக்குறிகள் உண்டு. அம்முறையில் இவ்வெண்ணை ௱௩௰௩ என்றே எழுதுவர். அங்கே ஒன்று, மூன்று, மூன்று என்று கூட்ட இடமேது?

இம்மயக்கம் வீண்பேச்சோடு நிற்பதில்லை. மறையெண்ணை நாலு நம்பராக்கிக் கூலிப்பணத்தைக் கட்டுவாருமுளர். அன்னோர் 94-ஆம் அதிகாரத்தைப் படித்தனரா? சூதில் வென்ற பொருளும் மீன் விழுங்கிய தூண்டில் முள்ளே என 931-ஆம் குறள் எச்சரிக்கின்றதே!

எண்ணையும் எழுத்தையும் கண்களென 392-ஆம் குறளில் வைத்தார் வள்ளுவர். கண் பார்ப்பதற்கே உரியது, மயங்குவதற்கன்று. தோழர்களே! பிள்ளைகளுக்குக் குறளின் எண்ணைச் சொல்லுமுன் பொருளைச் சொல்லுங்கள்.