ஏகாரமும் உம்மையும்: தமிழ் வேதாகமத்தில் விசுவாசமும் கிரியையும்

ஆய்வுச்சுருக்கம்

மனிதன் கடவுளின் முன் நீதிமானாவது விசுவாசத்தாலா, கிரியைகளாலா என்னும் வினா கிறிஸ்தவ நம்பிக்கையாளரிடையே ஐந்நூறு ஆண்டுகளாகத் தொடரும் விவாதத்தின் மையமாகும். ரோமர் 3:28, யாக்கோபு 2:24 ஆகிய இரு வசனங்களே இவ்விவாதத்தில் பெரிதும் எதிரெதிராக நிறுத்தப்படுகின்றன. 1871-இல் முழுமையாக வெளிவந்து இன்றும் தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில் பெருவழக்காக உள்ள ஐக்கியத் திருப்புதலில் இவ்விரு வசனங்களின் பொருளை வரையறுப்பவை இரண்டு இடைச்சொற்கள். அவை கிரேக்க மூலத்தில் தனிச்சொற்களாக இல்லை. அவ்விடைச்சொற்களைத் தமிழ் இலக்கண மரபின் துணையுடன் ஆராய்ந்து, அவை கோட்பாட்டு விவாதத்தில் எந்த அளவுக்குச் சான்றாகக் கூடும் என்பதை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

திறவுச்சொற்கள்: வேதாகம மொழிபெயர்ப்பு, இடைச்சொல், ஏகாரம், உம்மை, விசுவாசம், நீதிமானாக்கப்படுதல்

முன்னுரை

தமிழ் வேதாகம மொழிபெயர்ப்புகளைப் பற்றிய திறனாய்வு பெரும்பாலும் பெயர்ச்சொற்களைச் சுற்றியே நிகழ்ந்துள்ளது. பராபரன், தேவன், கடவுள் ஆகியவற்றுள் எது பொருந்தும்; இரட்சிப்பு வேண்டுமா, மீட்பு வேண்டுமா; கிருபையா, அருளா என்பன அதில் மீண்டும் மீண்டும் எழும் வினாக்கள். வடசொல், தமிழ்ச்சொல் என்னும் பாகுபாடே இவற்றுக்கு அடிப்படை. இவ்வினாக்கள் தேவையானவையே. ஆயினும் ஒரு வசனத்தின் கோட்பாட்டுப் பொருள் பெயர்ச்சொற்களில் மட்டும் தங்கியிருப்பதில்லை. விசுவாசம் என்பதை நம்பிக்கை என்று மாற்றினாலும் 'நம்பிக்கையால்', 'நம்பிக்கையாலே', 'நம்பிக்கையாலேயே', 'நம்பிக்கையாலும்' என்பன நான்கு வேறு கூற்றுகளாகவே நிற்கும். சபை விவாதங்களில் வசனத்தைச் சான்றுகாட்டுவோர் ஊன்றி உச்சரிப்பதும் இவ்வீறுகளைத்தான். எனவே இவற்றுக்கு உரிய ஆய்வு இன்றியமையாதது.

லூத்தர் சேர்த்த சொல்

மார்ட்டின் லூத்தர் 1522-இல் வெளியிட்ட ஜெர்மன் புதிய ஏற்பாட்டில், ரோமர் 3:28-இல் 'மட்டும்' எனப் பொருள்படும் சொல்லைச் சேர்த்தார். கிரேக்கத்தில் அச்சொல் இல்லை. இதைச் சுட்டி எதிர்தரப்பினர் கண்டித்தபோது, 1530-இல் மொழிபெயர்ப்பைக் குறித்து எழுதிய திறந்த மடலில் அவர் விடையளித்தார். அச்சொல் மூலத்தில் இல்லை என்பதைத் தாமும் அறிந்திருப்பதாக அவர் ஒப்புக்கொள்கிறார். ஆனால் இரண்டில் ஒன்றை உடன்பட்டு மற்றொன்றை மறுக்கும்போது ஜெர்மன் மொழி அச்சொல்லை வேண்டுகிறது என்பது அவர் வாதம். உழவன் தானியத்தை மட்டும் கொண்டுவருகிறான், பணத்தை அன்று எனப் பேச்சுவழக்கில் சொல்லப்படுவதை அவர் எடுத்துக்காட்டாகத் தருகிறார். அவ்வசனத்தின் கருத்தும் அச்சொல்லைக் கோருகிறது என்பது அவரது இரண்டாம் வாதம்.

இவ்விரு வாதங்களும் தம்முள் வேறானவை. முன்னது மொழிமரபைச் சார்ந்தது. பின்னது கோட்பாட்டைச் சார்ந்தது. முன்னதை ஏற்போர் பின்னதையும் ஏற்றாக வேண்டும் என்பதில்லை. தமிழ்ப் பாடத்தை ஆராயும்போதும் இவ்வேறுபாட்டை மனங்கொள்ள வேண்டும்.

பவுலின் ஏகாரம்

ஐக்கியத் திருப்புதலில் ரோமர் 3:28-இல் அமைந்துள்ள சொல்வடிவம் 'விசுவாசத்தினாலேயே' என்பது. இதில் இரண்டு ஏகாரங்கள் உள்ளன. 'ஆலே' என்பதிலுள்ள முதல் ஏகாரம் இத்திருப்புதலின் பொது நடை. மூன்றாம் வேற்றுமையைப் பெரும்பாலான இடங்களில் அது இவ்வடிவிலேயே தருகிறது. அங்கெல்லாம் அந்த ஏகாரத்திற்குத் தனிப்பொருள் காண இயலாது. அதே நிருபத்தின் 1:17-இலும் 5:1-இலும் 'விசுவாசத்தினாலே' என ஒற்றை ஏகாரமே உள்ளது. அவ்விடங்களில் கிரியைகளோடு ஒப்பிட்டு மறுக்கும் தொடர் அடுத்து நிற்கவில்லை. 3:28-இல் கிரியைகள் விலக்கப்படுகின்றன; அங்கு இரண்டாம் ஏகாரம் தோன்றுகிறது. ஆகவே அது நடைக்கூறு அன்று. பொருளுடைய இடைச்சொல் ஆகும். மொழிபெயர்ப்பாளரின் உள்ளக்கிடக்கையை ஊகிக்க வேண்டியதில்லை; இம்மூன்று இடங்களையும் ஒப்புநோக்கினாலே இது புலனாகும்.

இவ்வேகாரத்தின் பொருள் யாது? தொல்காப்பியம் ஏகாரத்திற்குத் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என ஐந்து பொருள் வகுக்கிறது. நன்னூல் இசைநிறையைச் சேர்த்து ஆறாக்குகிறது. இவற்றுள் இங்குப் பொருந்தக் கூடியவை பிரிநிலையும் தேற்றமும் ஆகும். பிரிநிலையாகக் கொண்டால், பிறவற்றினின்று பிரித்து 'விசுவாசம் ஒன்றினால்தான்' என்று பொருள்படும். இது லூத்தரின் சொல்லுக்கு நிகர். தேற்றமாகக் கொண்டால், 'விசுவாசத்தினால் என்பது உறுதி' என்று பொருள்படும். இதில் விலக்கு இல்லை. உறுதிப்பாடு மட்டுமே உண்டு. 'தீர்க்கிறோம்' என முடியும் தொடருக்குத் தேற்றப்பொருளும் இசைகிறது. ஆயினும் கிரியைகளை விலக்கும் தொடர் முன்னே நிற்பதால் பிரிநிலைப் பொருளே வலுவுடையது எனலாம்.

இந்த விலக்கு பவுலுக்கு முற்றிலும் புறம்பானதும் அன்று. கலாத்தியர் 2:16-இல் 'அன்றி' என்னும் பொருளுடைய தொடர் கிரேக்கத்திலேயே உண்டு. தமிழ்ப் பாடமும் அதை 'அன்றி' என்றே தருகிறது. மேலும், ஒன்றை மறுத்து மற்றொன்றை நாட்டும்போது ஏகாரத்தையோ 'தான்' என்பதையோ சேர்ப்பது தமிழின் இயல்பு. 'பணத்தால் அன்று, குணத்தாலேயே மதிக்கப்பட்டார்' என்னும் தொடரில் ஏகாரத்தை நீக்கினால் ஓசையும் பொருளும் தளர்கின்றன. லூத்தர் ஜெர்மன் மொழிக்குக் கூறிய மொழிமரபு வாதம் தமிழுக்கு இன்னும் எளிதாகப் பொருந்துகிறது.

யாக்கோபின் உம்மை

யாக்கோபு 2:24-இல் நிலைமை வேறு. கிரேக்கத்தில் 'கிரியைகளால்' என்பது முன்னும், 'விசுவாசத்தால் மட்டும் அன்று' என்பது பின்னும் வருகின்றன. ஐக்கியத் திருப்புதல் இவ்வரிசையை மாற்றி, விசுவாசத்தை முன்னும் கிரியைகளைப் பின்னும் வைக்கிறது. 'மாத்திரமல்ல' என்னும் மறுப்பு முன்னே வந்துவிட்டால், அடுத்து வருவது உம்மை ஏற்க வேண்டும் என்பது தமிழ்த் தொடரமைப்பு. அவ்வாறே 'கிரியைகளினாலேயும்' என இறந்தது தழீஇய எச்சவும்மை வந்து அமைகிறது. கிரேக்கத்தில் கிரியைகளைச் சார்ந்து 'உம்' என்பதற்கு நிகரான சொல் இல்லை.

இதன் விளைவு கவனிக்கத்தக்கது. கிரேக்க வரிசையில் கிரியைகள் முதன்மை பெற்று, விசுவாசம் அவற்றோடு சேர வேண்டியதாக நிற்கிறது. தமிழ் வரிசையில் விசுவாசம் முதலாகி, கிரியைகள் அதன் துணையாக இணைகின்றன. 'மட்டும் அன்று' என்னும் மறுப்பிலேயே விசுவாசத்திற்கும் இடமுண்டு என்பது அடங்கியிருப்பதால், உம்மையைப் பிழை எனக் கூற இயலாது. ஆயினும் யாக்கோபின் கூர்மை அதனால் ஒரு படி மழுங்குகிறது. உடையும் உணவும் இல்லாத சகோதரனிடம் எதையும் கொடாமல் வாழ்த்துமட்டும் கூறி அனுப்புவோனைக் கடிந்த பின்னரே அவர் இம்முடிவுக்கு வருகிறார். அவரது கடிதலின் வேகத்தை 'கிரியைகளால்' என்னும் முன்னிலைச் சொல்லே தாங்குகிறது.

இரு வசனங்களையும் சேர்த்து நோக்கினால் இன்னொன்றும் புலனாகிறது. லூத்தரின் ஜெர்மன் பாடத்தில் 'மட்டும்' என்னும் ஒரே சொல் பவுலிடம் உடன்பாட்டிலும் யாக்கோபிடம் மறுப்பிலும் வருகிறது. ஆகவே அங்கு முரண் சொல்லளவிலேயே வெளிப்படுகிறது. யாக்கோபின் நிருபத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டு 1522-ஆம் ஆண்டு முன்னுரையில் அவர் எழுதியதையும் இத்துடன் எண்ணிப் பார்க்கலாம். தமிழ்ப் பாடத்திலோ பவுலுக்கு ஏகாரமும் யாக்கோபுக்கு 'மாத்திரம்' என்பதும் அமைகின்றன. கிரேக்கத்தில் 'மட்டும்' என்னும் சொல் உள்ள இடத்தில் அதற்கு நிகரான தனிச்சொல். அது இல்லாத இடத்தில் இடைச்சொல். லூத்தர் வழிச் சபைகளும் பயன்படுத்தும் இத்திருப்புதல், லூத்தரைவிடக் கிரேக்க மூலத்திற்கு நெருங்கி நிற்கிறது என்றே இவ்விடத்தில் கூற வேண்டும்.

'ஆல்', 'கொண்டு', 'ஆக்கப்படு'

ஏகாரம் எதன்மேல் ஏறுகிறது என்பதும் ஆராயத்தக்கது. 'ஆல்' உருபு கருவிப்பொருளிலும் ஏதுப்பொருளிலும் வரும். 'விசுவாசத்தினாலேயே' என்பதை ஏதுவாகக் கொள்வோர், தமது விசுவாசமே மீட்புக்குக் காரணம் எனக் கருத நேர்கிறது. அப்போது விசுவாசமும் மனிதன் செய்து காட்டும் ஒரு கிரியையாகிவிடுகிறது. 'என் விசுவாசம் போதுமானதா?' என்று கலங்கும் நம்பிக்கையாளரின் துயரத்திற்கு இத்தகைய வாசிப்பும் ஒரு காரணம். எபேசியர் 2:8-இல் ஐக்கியத் திருப்புதல் இம்மயக்கத்தைத் தவிர்க்கிறது. அங்குக் கிருபைக்கு 'ஆலே' என்பதும், விசுவாசத்திற்குக் 'கொண்டு' என்னும் சொல்லுருபும் வருகின்றன. கிரேக்கத்திலும் இவ்விரண்டும் வேறு வேறு அமைப்புகளே. கிருபை ஏது, விசுவாசம் கருவி என்னும் தெளிவு அதனால் கிடைக்கிறது. ரோமர் 3:28-ஐ இவ்வசனத்தின் துணையோடு வாசிப்பதே முறை.

வினைமுற்றும் சிக்கலுடையது. சீர்திருத்த மரபினர் பலர், நீதிமான் எனக் கடவுள் தீர்ப்பளிப்பதையே மூலவினை குறிக்கிறது என்பர். 1547-இல் திரெந்து பொதுச்சங்கம் வெளியிட்ட ஆணை, பாவமன்னிப்போடு உள்ளான மனிதனின் புதுப்பித்தலும் அதில் அடங்கும் என்றது. 'நீதிமானாக்கப்படுதல்' என்னும் தமிழ் வடிவம், தீர்ப்பளிப்பதைவிட ஆக்குவதையே நேராகச் சுட்டுகிறது. சீர்திருத்தச் சபைகளின் திருப்புதல், சொல்லளவில் திரெந்துச் சங்கத்தின் பொருளுக்கு இடந்தருவது வியப்பிற்குரியது. மறுபுறம், 1995-இல் வெளிவந்து கத்தோலிக்கர் வழிபாட்டில் வழங்கும் திருவிவிலியம் 'ஏற்புடையவர்' என்னும் சொல்லை ஆள்கிறது. இது ஒருவரின் உள்மாற்றத்தைவிட, கடவுள் அவரை ஏற்கும் உறவையே முன்னிறுத்துகிறது; சீர்திருத்த விளக்கத்திற்கு அணுக்கமானது. இரு தரப்பாரும் தத்தம் பாடத்தின் சொல்லைக் கொண்டே மற்றவரை மறுக்க முற்பட்டால், இருவர் வாதமும் நிலைகுலையும். லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999 அக்டோபர் 31-இல் ஆக்ஸ்பர்க் நகரில் கையொப்பமிட்ட கூட்டறிக்கை, இக்கோட்பாட்டின் அடிப்படை உண்மைகளில் தமக்கிடையே உடன்பாடு உண்டு என அறிவித்தது. அவ்வுடன்பாட்டிற்குத் தமிழில் சொல்வடிவம் காண்போர் இவ்விரு சொற்களையும் எதிரெதிராக நிறுத்தாமல் இணைத்தே பயன்படுத்த வேண்டியிருக்கும்.

முடிவுரை

ரோமர் 3:28-இன் இரண்டாம் ஏகாரமும் யாக்கோபு 2:24-இன் உம்மையும் மொழிபெயர்ப்பில் தோன்றியவை. தமிழ் மொழிமரபு இரண்டையும் ஏற்கிறது. எனவே அவற்றைத் திரிபு என்று பழிப்பது பொருந்தாது. அதேவேளையில் ஏகாரம் ஒன்றையே ஆதாரமாக்கிக் கிரியைகளுக்கு இடமில்லை என்று முடிப்பதும், உம்மை ஒன்றையே ஆதாரமாக்கி இரண்டும் சம பங்குடையவை என்று முடிப்பதும் மொழிபெயர்ப்பாளரின் இடைச்சொல்லுக்கு அப்போஸ்தலரின் அதிகாரத்தை அளிப்பதாகும். ஆபிரகாமின் விசுவாசத்தைக் கூறும் ஆதியாகமம் 15:6-ஐ இருவருமே சான்றுகாட்டுகின்றனர் என்பதை நினைத்தால், அவர்களது வேறுபாட்டை ஓர் ஈற்றெழுத்தில் தேடாமல் முழு வாதப்போக்கில் தேடுவதே தகும். இனிவரும் தமிழ்த் திருப்புதல்கள் பெயர்ச்சொற்களுக்குக் காட்டும் கவனத்தை இடைச்சொற்களுக்கும் காட்டுவதும், மூலத்தில் இல்லாத பிரிநிலை ஏகாரம் வரும் இடங்களை அடிக்குறிப்பில் சுட்டுவதும் நம்பிக்கையாளரின் விவாதங்களைப் பெரிதும் தெளிவுபடுத்தும்.