தேர்வறையில் மட்டும் ஒரு தாய்மொழி

ஓசூர்ப் பக்கத்துத் தெலுங்குப் பிள்ளைகளுக்காகவோ ஆம்பூர், வாணியம்பாடி உருதுப் பிள்ளைகளுக்காகவோ, பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாளிலிருந்து விலக்குக் கேட்டு யாராவது நீதிமன்றம் போனால் நம்மில் பலருக்குச் சுருக்கென்கிறது. தமிழ்நாட்டில் இருந்துகொண்டு தமிழ் எழுத மாட்டேன் என்றால் எப்படி? கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் அதைக் கேட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறோம். சட்டம் என்ன சொன்னது, பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று பார்ப்பதில்லை.

2006க்கு முன்பு, பள்ளித் தேர்வின் முதல் பகுதியில் தமிழுக்குப் பதில் வேறு மொழியை எழுதலாம். தெலுங்கு, உருது, கன்னட, மலையாளப் பிள்ளைகளுக்கு அது தாய்மொழி உரிமையாக இருந்தது. தமிழே தாய்மொழியான பல பிள்ளைகளுக்கு அதுவே பிரெஞ்சு எடுத்து மதிப்பெண் அள்ளும் வழியாகவும் இருந்தது. அந்த ஆண்டு வந்த தமிழ் கற்றல் சட்டம் இரண்டு கதவையும் சேர்த்துச் சாத்தியது. முதல் பகுதி தமிழ், இரண்டாம் பகுதி ஆங்கிலம், மூன்றாம் பகுதி மற்ற பாடங்கள், நான்காவதாக விரும்பினால் தாய்மொழி. 2006-07இல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16இல் பத்தாம் வகுப்பைத் தொடும்படி அமைத்தார்கள். பத்தாண்டு அவகாசம் கொடுத்து அமலாகும் சட்டம் நம் நாட்டில் அபூர்வம். இந்த வடிவமைப்பைப் பாராட்டியே ஆக வேண்டும்.

அந்தப் பத்தாண்டுகள் எப்படிப் போயின என்பதில்தான் வழக்கு இருக்கிறது. சிறுபான்மை மொழிப் பள்ளிகளுக்குப் போதிய தமிழாசிரியர்கள் வரவில்லை என்பது மனுதாரர்களின் முக்கியமான வாதம். 2016இல் சட்டப்படி முதல் அணி தேர்வெழுத வந்தபோது, சென்னை உயர் நீதிமன்றம் தாய்மொழியிலேயே எழுத அனுமதித்தது. பிறகு விலக்கு தொடர்கதையானது. 2023 பிப்ரவரியில், தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, உச்ச நீதிமன்றம் இன்னோர் ஆண்டுக்கு விலக்களித்தது.

விலக்கின் நியாயம் எளிமையானது. கற்றுக்கொடுக்காத பாடத்தில் பிள்ளையைத் தோற்கடிக்க முடியாது. முப்பத்தைந்து மதிப்பெண் வராவிட்டால் பத்தாம் வகுப்பே போய்விடும் என்ற நிலையில், அரசின் தவறுக்கான தண்டனையைப் பதினைந்து வயதுப் பிள்ளையின் தலையில் வைக்க எந்த நீதிபதியும் தயங்குவார்.

ஆனால் விலக்கு பெற்ற பிள்ளை அதற்குப் பிறகு எங்கே போகிறது? தமிழ்நாடு அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த்தாள் கட்டாயம், குறைந்தது நாற்பது விழுக்காடு வேண்டும் என்று 2021இல் அரசாணை வந்தது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இருபது விழுக்காடு இடஒதுக்கீடு 2010 முதலே இருக்கிறது. பதினைந்து வயதில் கிடைத்த சலுகைக்கு இருபத்தைந்து வயதில் வட்டி கட்ட வேண்டும். ஆண்டுதோறும் விலக்குக்குப் போராடிய அமைப்புகள் இந்தக் கணக்கைப் பெற்றோரிடம் சொல்லியிருக்க வேண்டும். விலக்கை வென்ற அளவுக்குத் தமிழாசிரியர் பணியிடங்களுக்காக யாரும் மல்லுக்கட்டியதாகத் தெரியவில்லை.

சட்டத்தின் பக்கமும் ஓட்டை இல்லாமல் இல்லை. நான்காம் பகுதியில் தாய்மொழிக்கு இடம் கொடுத்தவர்கள் அதை விருப்பப் பாடமாக்கினார்கள். தேர்ச்சியை முடிவு செய்வதில் அதற்குப் பங்கு இருக்கவில்லை. கணக்கில் வராத தாளுக்குப் பள்ளிக்கூட நேர அட்டவணையில் என்ன மரியாதை கிடைக்கும் என்பது வகுப்பெடுத்த எவருக்கும் தெரியும். உரிமை காகிதத்தில் இருந்தது, வகுப்பறையில் மெலிந்தது. தெலுங்கு அமைப்புகள் முதல் பகுதியை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். தமிழ்மேல் அவர்களுக்கு வெறுப்பு என்று படிப்பது சோம்பேறித்தனம்.

அரசியலமைப்புச் சட்டமும் இங்கே பெரிதாகக் கைகொடுப்பதில்லை. 350ஏ பிரிவு தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்யச் சொல்வது தொடக்கப் பள்ளி வரைக்கும்தான். வகுப்பில் பத்துப் பேர், அல்லது பள்ளியில் நாற்பது பேர் இருந்தால் தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்ற 1949ஆம் ஆண்டு விதியும் தொடக்க நிலைக்கானதே. 30ஆம் பிரிவு பள்ளி நடத்தும் உரிமையைத் தருகிறது. எந்த மொழியில் பொதுத்தேர்வு எழுதலாம் என்று அது பேசவில்லை. தாய்மொழி எது என்பதைப் பெற்றோரே தீர்மானிக்கலாம், தாய்மொழிவழிக் கல்வியை அரசு திணிக்க முடியாது என்று 2014இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு கர்நாடக வழக்கில் சொல்லிவிட்டது. ஆக, தாய்மொழியை மறுக்கும் உரிமை பெற்றோருக்கு உறுதியாக இருக்கிறது. தாய்மொழியில் தேர்வெழுதும் உரிமை ஆண்டுக்காண்டு நீதிமன்றத்தின் கருணையில் இருக்கிறது.

அதே கர்நாடகம் தேர்வுத் தாளில் வேறு வழி எடுத்தது. கன்னடமே ஒற்றை முதல் மொழியாக வேண்டும் என்று 1982இல் நடிகர் ராஜ்குமார் முன்னின்ற கோகாக் போராட்டம் நடந்த மாநிலம் அது. இருந்தும் அங்கே எஸ்எஸ்எல்சியில் முதல் மொழித் தாளாகத் தமிழை எடுக்கலாம். மற்ற தாள்களுக்கு நூறு மதிப்பெண், முதல் மொழிக்கு மட்டும் 125. கன்னடத்தை முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ படித்தே ஆக வேண்டும் என்று 2015இல் சட்டமும் போட்டார்கள். கேரளத்தில் மூணாறுப் பிள்ளைகளுக்குத் தமிழில் வினாத்தாள் அச்சாகிறது. இவற்றில் குறை வந்தால் நாம் குரல் கொடுக்கிறோம், கொடுக்கவும் வேண்டும். பெங்களூர்த் தமிழ்ப் பிள்ளைக்குக் கேட்பதை ஓசூர்த் தெலுங்குப் பிள்ளைக்கு மறுத்தால் அந்தக் குரலில் பிசிறு தட்டும்.

இதுவரை பேசியது ஒரே ஒரு மொழித்தாளைப் பற்றி. கணக்கையும் அறிவியலையும் தாய்மொழியில் எழுதுவது இதைவிடப் பெரிய உரிமை, நடைமுறையில் இன்னும் நொய்ந்தது. பள்ளித் தேர்வு இல்லை என்றாலும் 2018 நீட் இதற்குச் சாட்சி. தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் பிழை என்று வழக்குப் போனது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் கூடுதலாகத் தரச் சொன்னது, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வினாவே இறுதி என்பது அங்கே விதி. ஆங்கிலம் தெரியாததால் தமிழ்த் தாளைக் கேட்ட பிள்ளை, ஐயம் வந்தால் ஆங்கிலத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்! கேள்வியைத் தமிழிலேயே யோசித்து எழுதும் ஆசிரியர் குழு இல்லாதவரை, எந்த மொழிக்கும் இந்த உரிமை மொழிபெயர்ப்பாளரின் அவசரத்தைப் பொறுத்ததுதான்.

மீண்டும் மொழித்தாளுக்கு வருவோம். 2024-25 முதல் சிறுபான்மை மொழித் தாளுக்கும் 35 தேர்ச்சி மதிப்பெண் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. தாளுக்கு மரியாதை வந்தது, நல்லது. ஆனால் தமிழ்ப் பிள்ளை ஐந்து தாளில் தேறினால் போதும், தாய்மொழியையும் எடுத்த தெலுங்குப் பிள்ளை ஆறில் தேற வேண்டும் என்றாகிறது. தாய்மொழியை விரும்பி எடுத்ததற்கு இது அபராதம். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஆறாவது தாளின் சுமைக்குப் பயந்து தெலுங்கைக் கைவிட்டால் யாரும் குறை சொல்ல முடியாது. அந்த மதிப்பெண்ணை மொத்தத்தில் சேர்க்கட்டும், அதில் தவறினால் முழுத் தேர்வும் போகாதபடி வைக்கட்டும். தமிழ் முதல் பகுதியிலேயே இருக்கட்டும், விலக்கும் வேண்டாம். அதற்கு முன் ஒவ்வொரு சிறுபான்மை மொழிப் பள்ளியிலும் எத்தனை தமிழாசிரியர் இடம், எத்தனை காலி, அந்தந்தத் தாய்மொழி ஆசிரியர் எத்தனை பேர் என்று பள்ளிக்கல்வித் துறை ஒரு பட்டியல் வெளியிடட்டும். அடுத்த வழக்கில் நீதிபதி முதலில் கேட்க வேண்டியதும் அந்தப் பட்டியலைத்தான்.